தண்ணீருக்கு மேலே, காற்றுக்கு நடுவே: ட்ரோன் தடுமாறும்போது என்ன பார்ப்பது, என்ன செய்வது

தரைக்கு மேலே பறக்கும் ட்ரோனுக்குச் சிக்கல் வந்தால் அது மூன்றில் ஒன்றைச் செய்யும். நின்ற இடத்திலேயே நிற்கும், கிளம்பிய இடத்துக்குத் திரும்பும், இல்லையென்றால் அப்படியே கீழே இறங்கும். கீழே தரை இருக்கும்வரை மூன்றுமே நல்ல யோசனைகள்தான். கீழே ஏரியோ கடலோ இருந்து, கூடவே காற்றும் அடித்தால், இதே மூன்று ஏற்பாடுகள்தான் ட்ரோனைத் தண்ணீரில் தள்ளுகின்றன. மோட்டார் பழுதாகாமலே, ஒழுங்காக வேலை செய்துகொண்டே தண்ணீரில் போய் உட்காருவதும் நடக்கிறது. அதனால் கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: ட்ரோன் இப்போது தனக்குக் கீழே என்ன இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது?

ட்ரோனை வானத்தில் வைத்துக்கொண்டே இதைப் படிக்கிறீர்கள் என்றால் சுருக்கமாக: உயரம் 10 மீட்டருக்குக் கீழே இருந்தால் 15-க்கு ஏற்றுங்கள், 50-க்கு மேலே இருந்தால் 20-க்கு இறக்குங்கள், மூக்கைக் கரைப்பக்கம் திருப்புங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

திரும்பி வரச் சொன்னேன், வந்துகொண்டே இருக்கிறது, வந்தபாடில்லை

எனக்கே நடந்தது இது. ஏரிக்கு மேலே 70 மீட்டர் உயரத்தில் போய், படம் எடுத்து முடித்துவிட்டுத் திருப்பினேன். தூரம் 540 மீட்டர், பேட்டரி 38 சதவீதம். ஸ்டிக்கை முழுவதுமாகத் தள்ளிப் பிடித்திருக்கிறேன், திரையில் வேகம் நொடிக்கு 1 மீட்டர், 2 மீட்டர், மறுபடி 1. தூரத்தைக் காட்டும் எண் 538, 537 என்று எறும்பு மாதிரி நகர்கிறது. போகும்போது இதே தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்திருந்தேன். நம் கை வண்ணம்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன், உண்மையில் காற்றுதான் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

கணக்கு எளிது. திரையில் காட்டும் வேகம் தரையை வைத்து அளந்தது. ட்ரோனின் வரம்போ, சுற்றியிருக்கும் காற்றுக்குள் அது எவ்வளவு வேகமாக முன்னேற முடியும் என்பது. அந்த உச்சம் நொடிக்கு 14 மீட்டர் என்று வையுங்கள். எதிர்க்காற்று 12 மீட்டர் என்றால் மிச்சம் 2 மட்டுமே. அதே காற்று 10-ஆகக் குறைந்தால் மிச்சம் 4. காற்று குறைந்தது ஆறில் ஒரு பங்குதான், நீங்கள் வீடு திரும்பும் நேரமோ பாதியாகிவிட்டது. இந்த இடத்தில்தான் வழி இருக்கிறது, ஏனென்றால் உயரம் குறையக் குறைய காற்றும் குறையும். திறந்த நீர்ப்பரப்பில் 60 மீட்டர் உயரத்துக் காற்று, 10 மீட்டர் உயரத்துக் காற்றைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக இருக்கும்.

எனவே செய்ய வேண்டியது இந்த வரிசையில். தானாகத் திரும்பும் ஆர்டிஎச் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அது முதலில் நீங்கள் என்றைக்கோ அமைத்துவைத்த உயரத்துக்கு ஏறும், ஏறினால் காற்று இன்னும் பலமாகும். கட்டடங்களை மனதில் வைத்து 80 மீட்டர் என்று போட்டிருப்பீர்கள், இங்கே தண்ணீருக்கு மேலே மோதுவதற்கு ஒன்றுமே இல்லை. கையால் ஓட்டியபடி 15, 20 மீட்டருக்கு இறக்குங்கள். அதற்கும் கீழே ஆசைப்பட வேண்டாம், காரணம் அடுத்த அறிகுறியில் வருகிறது. அப்புறம் ஸ்போர்ட் மோடு. அதில் ட்ரோன் அதிகமாகச் சாய முடியும், சாய்வுதான் எதிர்க்காற்றைக் கிழிக்கும் பலம். தடை கண்டு நிற்கும் சென்சார்கள் பெரும்பாலான மாடல்களில் ஸ்போர்ட் மோடில் அணைந்துவிடும், அது மட்டும் நினைவில் இருக்கட்டும். கேமராவைச் சுழற்றி வேடிக்கை பார்க்காதீர்கள், வேகத்தை மட்டும் பாருங்கள்.

நான் அன்று 15 மீட்டருக்கு இறக்கி ஸ்போர்ட் மோடு போட்டதும் வேகம் 5-க்கு ஏறியது. கரைக்கு வந்தபோது பேட்டரி 19.

இவ்வளவு செய்தும் வேகம் ஏறவில்லையா? கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும் என்ற பிடிவாதத்தை விட வேண்டிய நேரம் அது. காற்றுக்குக் குறுக்கே ஒரு கரை இருக்கும், ஏரியாக இருந்தால் பின்காற்றில் போய்ச் சேர எதிர்க்கரையே இருக்கும். அங்கே ஏதோ ஒரு புல்தரையில் இறக்கிவிட்டு வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். இந்த முடிவை 35 சதவீதத்தில் எடுத்தால் ட்ரோன் கிடைக்கும். 15 சதவீதத்தில் எடுத்தால் அது முடிவே அல்ல.

அடுத்த முறை இது வராமலிருக்க: முதலில் எதிர்க்காற்றில் போங்கள், பின்காற்றில் திரும்புங்கள். பழைய விதிதான், ஆனால் அதைப் பொய்யாக்குகிற ஓர் இடம் உண்டு. கரையிலிருந்து தண்ணீரை நோக்கிக் காற்று அடிக்கும் நாட்கள். மரங்களோ மேடோ உங்களை மறைத்து நிற்பதால் நீங்கள் நிற்கும் இடத்தில் இலைகூட அசையாது. 200 மீட்டர் தாண்டியதும் மறைப்பு தீர்ந்துபோய் முழுக் காற்றும் ட்ரோனின் முதுகில் இறங்கும். முகத்தில் காற்று படுகிறதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தூரத்துத் தண்ணீரைப் பாருங்கள். கரையோரம் கண்ணாடி மாதிரியும், உள்ளே போகப் போகக் கருத்துச் சுருக்கம் விழுந்தும் இருந்தால் அது இந்த வகை நாள்தான்.

ஸ்டிக்கைத் தொடவே இல்லை, தண்ணீரை நோக்கி இறங்குகிறது

இதற்கு நான்கு வேறு வேறு காரணங்கள் உண்டு, நான்குக்கும் மருந்து வேறு. நல்ல வேளையாக, திரையில் தெரியும் உயர எண்ணைப் பார்த்தாலே பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

எண் மாறவே இல்லை, ட்ரோன் மட்டும் கண்ணெதிரே தாழ்கிறது என்றால், காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் ஏமாந்திருக்கிறது. ட்ரோன் உயரத்தை அறிவது முக்கியமாக இதை வைத்துத்தான். ஒரு மீட்டர் உயர வித்தியாசம் என்பது சுமார் 12 பாஸ்கல், ரொம்பச் சின்ன அளவு. நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று நேராக முட்டும்போது உண்டாகும் அழுத்தமோ 60 பாஸ்கல். உள்ளே பஞ்சு வைத்து மறைத்திருப்பதால் அவ்வளவும் சென்சாருக்குப் போய்ச் சேராது, ஆனாலும் திடீர்க் காற்றில் ஓரிரு மீட்டர் தவறு சாதாரணம். நீண்ட நேரம் பறந்த பிறகு எண்ணே சில மீட்டர் பிசகியிருக்கும். தரையில் இதை யாரும் கவனிப்பதில்லை. தண்ணீருக்கு 2 மீட்டர் மேலே இருக்கும்போது அந்த 2 மீட்டர்தான் உங்களிடம் இருக்கும் மொத்தச் சொத்து. உடனே மேலே ஏற்றுங்கள், எண்ணை நம்பாதீர்கள்.

எண்ணும் சேர்ந்து குறைகிறது, நீங்கள் முழு வேகத்தில் எதிர்க்காற்றில் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் மோட்டார்களிடம் மிச்சம் இல்லை என்று பொருள். 40 டிகிரி சாய்ந்து பறக்கும் ட்ரோன், தன் எடையைத் தாங்கவே சாதாரணமாக நிற்பதைவிட 30 சதவீதம் கூடுதலாக உந்த வேண்டும். பேட்டரி நலிந்திருந்தால் அது முடியாது, மெல்லத் தாழும். முன்னே தள்ளும் ஸ்டிக்கைப் பாதியாகக் குறையுங்கள். ட்ரோன் நிமிரும், உயரம் தானாக நிற்கும். அப்புறம் நிதானமாக வாருங்கள்.

தண்ணீருக்கு மிக அருகில், 1 முதல் 5 மீட்டருக்குள், விட்டுவிட்டு அமுங்குகிறது என்றால் குற்றவாளி வயிற்றுப்பக்கச் சென்சார்கள். கீழ்நோக்கிய கேமராக்கள் தரையின் கோலங்களைப் பார்த்து இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, பக்கத்திலிருக்கும் சென்சார்கள் அகச்சிவப்பு அல்லது மீயொலி அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து உயரம் அளக்கின்றன. தண்ணீர் இரண்டையும் குழப்பும். பளபளக்கும், நகரும், தெளிந்த நீராக இருந்தால் அடிமண்ணைக் காட்டும். பயனர் கையேடுகளில் நீர்ப்பரப்புக்கு மேலே கவனம் என்று ஒற்றை வரியில் எழுதியிருப்பது இதைத்தான். ப்ரொப்பெல்லர் காற்று பட்டு நீரில் வட்டவட்டமாக அலை கிளம்புவது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால், அதுவே அளவுகோல்: நீங்கள் ஏற்கெனவே ரொம்பத் தாழ்ந்துவிட்டீர்கள். 10 மீட்டருக்கு மேலே ஏறிவிட்டால் இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் விலகிக்கொள்ளும், ஜிபிஎஸ்ஸும் பாரோமீட்டரும் பார்த்துக்கொள்ளும். கீழ்ப்பக்கச் சென்சாரை அணைக்கும் வசதி உள்ள மாடல் என்றால் தண்ணீருக்குப் போகும் முன் அணைப்பது என் வழக்கம்.

நான்காவது, திரையில் தரையிறங்குவதாகவே எழுத்து வந்திருக்கும். பேட்டரி கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது, கீழே தரை இருப்பதாக நம்பி அது நல்ல பிள்ளையாக இறங்குகிறது. பல மாடல்களில் இதை ரத்து செய்ய முடியாது. ஆனால் உயர ஸ்டிக்கை மேலே முழுதாகத் தள்ளிப் பிடித்தால் இறங்குவது மெதுவாகும் அல்லது நிற்கும், மற்ற ஸ்டிக்கால் கரைப்பக்கம் ஓட்டவும் முடியும். இரண்டு கட்டைவிரலும் ஒரே நேரத்தில், விடாமல். மேலே தள்ளுவதை விட்டால் மறுபடி இறங்கும். இந்த ஒன்றை மட்டும் ஒரு மைதானத்தில், பேட்டரி தீரும் நேரத்தில், ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். படித்துத் தெரிந்துகொள்வதும் கட்டைவிரலுக்குத் தெரிந்திருப்பதும் வேறு.

அப்புறம் ஒரு பழைய குழப்பம்: மேட்டிலிருந்தோ பாலத்திலிருந்தோ கிளப்பினால் உயரம் பூஜ்யம் என்பது நீங்கள் நிற்கும் இடம், தண்ணீர் அல்ல. திரையில் 5 மீட்டர் என்று இருக்க, உண்மையில் தண்ணீருக்கு 20 மீட்டர் மேலே இருக்கலாம். திருப்பிப் போட்டால் ஆபத்து: படகிலிருந்து கிளப்பிக் கடல் பொங்கும் நேரத்தில் தாழப் பறந்தால், அலையின் உச்சி எவ்வளவு உயரம் என்று ட்ரோனுக்குத் தெரியாது.

ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது

எப்படி நகர்கிறது என்று ஐந்து நொடி பாருங்கள். அதிலேயே விடை இருக்கிறது.

காற்றுப் போகும் திசையில் ஒரே நேர்கோட்டில் நழுவுகிறது, ஸ்டிக்கை விட்டாலும் பிரேக் பிடிப்பதில்லை. ஜிபிஎஸ் பிடி விட்டுப்போய், சமநிலையை மட்டும் காக்கும் நிலைக்கு மாறியிருக்கிறது. காற்று எவ்வளவோ அவ்வளவு வேகத்தில் அடித்துப் போகும். இதில் ஆர்டிஎச் வேலை செய்யாது. மூக்கைக் கரைப்பக்கம் திருப்பி, முன்னே தள்ளி, தள்ளிக்கொண்டே இருங்கள். கரை எது என்று புரியவில்லையா? கேமராப் படத்தில் கரை தெரியும்வரை ட்ரோனைச் சுழற்றுங்கள், தெரிந்ததும் நேராகத் தள்ளுங்கள். நிறுத்த வேண்டும் என்றால் எதிர்ப்பக்கம் தள்ளித்தான் நிறுத்த முடியும். கிளம்பும்போது போதிய செயற்கைக்கோள்கள் கிடைக்கும்முன், திரும்பி வர வேண்டிய இடமான ஹோம் பாயின்ட் பதிவாகும்முன் அவசரப்பட்டுக் கிளப்பியவர்களுக்கு இது அடிக்கடி வரும். அந்த ஒரு நிமிடம் காத்திருப்பதில் எதுவும் குறைந்துவிடாது.

வட்டமாகச் சுற்றுகிறது, சுற்று பெரிதாகிக்கொண்டே போகிறது. இது காம்பஸ் கோளாறு. வடக்கு எது என்று தப்பாகத் தெரிந்துகொண்டு, காற்றை எதிர்க்கத் தப்பான பக்கம் சாய்கிறது, தப்பைத் திருத்த இன்னும் தப்பாகச் சாய்கிறது. இரும்புப் படகு, உள்ளே கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் படித்துறை, பாலத்தின் கைப்பிடி: இவற்றின் மேல் வைத்துக் கிளப்பியிருப்பீர்கள், அல்லது அங்கேயே வைத்து காம்பஸை அளவு திருத்தியிருப்பீர்கள். பின்னது இன்னும் மோசம், ஏனென்றால் அந்த இரும்பையே சரி என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. ட்ரோனை இரும்பிலிருந்து விலக்கி மேலே ஏற்றுங்கள், சின்னச் சின்ன அசைவுகளாகக் கொடுத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். வட்டத்தோடு மல்லுக்கட்டிப் பெரிய அசைவு கொடுத்தால் சுற்று வேகமெடுக்கும்.

தாழ இருக்கும்போது அலைகளோடு சேர்ந்து மெதுவாக ஊர்கிறது. இது வயிற்றுக் கேமரா அலையைத் தரை என்று நம்பி அதைப் பின்தொடர்வது. உயரம் ஏற்றினால் தீர்ந்தது.

பலத்த காற்று என்று எச்சரிக்கை வருகிறது

பலர் இதை அலைபேசியில் வரும் விளம்பரம் மாதிரி விரலால் தள்ளிவிடுகிறார்கள். ட்ரோனில் தனியாகக் காற்றுமானி எதுவும் இல்லை. ஒரே இடத்தில் நிற்க எவ்வளவு சாய வேண்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அது கணிக்கிறது. அதாவது எச்சரிக்கை வரும்போது அது ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது.

தாங்கும் வரம்பு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் எழுதியிருக்கும். டிஜேஐ மினி 4 ப்ரோவுக்கு நொடிக்கு 10.7 மீட்டர், மேவிக் 3-க்கு 12 மீட்டர். 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும்: முதலாவது 38.5, இரண்டாவது 43. இது நின்று சமாளிக்கும் எல்லை, சௌகரியமாகப் போய்வரும் எல்லை அல்ல. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறும். 5 மீட்டர் காற்று 10 ஆனால் தள்ளும் பலம் நான்கு மடங்கு. தண்ணீருக்கு மேலே போவதென்றால் எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நான் போவதில்லை. அதுவும் சராசரி வேகத்தை வைத்து அல்ல, முன்னறிவிப்பில் தனியாகக் கொடுத்திருக்கும் திடீர் வீச்சின் வேகத்தை வைத்து. முன்னறிவிப்பில் வரும் எண் 10 மீட்டர் உயரத்துக்கானது என்பதும் நினைவிருக்கட்டும்.

எண் எதுவும் கையில் இல்லையென்றால் தண்ணீரே சொல்லும். 1805-இல் பிரான்சிஸ் போஃபர்ட் என்ற கடற்படை அதிகாரி வகுத்த அளவுகோல் இன்றும் கடலில் நடைமுறையில் இருக்கிறது. அங்கங்கே ஒன்றிரண்டு வெள்ளை நுரைத் தலை தெரிந்தால் அது மூன்றாம் எண், நொடிக்கு 3.4 முதல் 5.4 மீட்டர். நுரைத் தலைகள் அடிக்கடி தெரிந்தால் நான்கு, 7.9 வரை. பார்க்கும் பக்கமெல்லாம் வெள்ளை, கொஞ்சம் சாரலும் தெறிக்கிறது என்றால் ஐந்து, 10.7 வரை. இது கடலுக்கான கணக்கு. சின்ன ஏரியில் அலை வளர இடம் இருக்காது என்பதால் அதே காற்றுக்குத் தண்ணீர் சாதுவாகத் தெரியும். என்னிடம் சிறிய ட்ரோன்தான், மூன்றாம் எண் வரை போவேன், நான்காம் எண்ணில் கரையோரமாகவே சுற்றுவேன், ஐந்தில் பெட்டியைத் திறப்பதில்லை.

கடலோரம் என்றால் நேரமும் முக்கியம். வெயில் ஏற ஏற நிலம் சூடாகிக் கடற்காற்று கிளம்பும், பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். காலையில் பார்த்த அமைதியை நம்பி மதியம் அனுப்பக் கூடாது.

பேட்டரி 40 காட்டியது, கண்மூடித் திறப்பதற்குள் 25

சதவீதம் என்பது ஒரு மதிப்பீடு. உண்மை தெரிய வேண்டுமென்றால் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் பாருங்கள், பெரும்பாலான செயலிகளில் பேட்டரிப் பக்கத்தில் இருக்கும். எதிர்க்காற்றில் மோட்டார்கள் அதிகம் இழுக்கும்போது மின்னழுத்தம் அமுங்கும். இழுவையைக் குறைத்ததும் கொஞ்சம் மீளும். அந்த அமுக்கத்திலும் ஒரு செல் 3.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் வேறு எதையும் யோசிக்காமல் கரைக்குத் திரும்புங்கள். 3.3-ஐத் தொட்டால் ட்ரோனே இறங்கத் தீர்மானிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. குளிரில் இருந்த பேட்டரி இன்னும் சீக்கிரம் அமுங்கும், கிளப்பும் முன் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொள்வது நல்லது. வாரக்கணக்கில் சும்மா கிடந்த பேட்டரியைத் தண்ணீருக்கு மேலே சோதிக்க வேண்டாம்.

இப்போதே திரும்பினால்தான் வர முடியும் என்று ட்ரோன் போடும் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய மாடல்கள் சில காற்றையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன, மற்றவை தூரத்தையும் உயரத்தையும் மட்டும். எதிர்க்காற்றில் திரும்ப வேண்டியிருந்தால் அந்தக் கணக்கு வெறும் ஆசை. 50-இல் திரும்புங்கள்.

படம் உறைகிறது, சிக்னல் விட்டுவிட்டு வருகிறது

ஒன்றுமே குறுக்கே இல்லாத வெட்டவெளியில் சிக்னல் ஏன் போகிறது என்று எல்லோரும் வியப்பார்கள். தண்ணீர்தான் காரணம். ரிமோட்டிலிருந்து நேராகப் போகும் அலையும், நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்துப் போகும் அலையும் ட்ரோனில் சந்திக்கின்றன. சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ட்ரோன் எவ்வளவு தாழ, எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தொல்லை. சில மீட்டர் ஏற்றினால் பல நேரம் படம் பளிச்சென்று திரும்பிவிடும். நீங்களும் கரையில் ஒரு மேட்டில் ஏறி நின்றால் நல்லது. ஆன்டெனாவின் நுனியை ட்ரோனை நோக்கி நீட்டாதீர்கள், தட்டையான பக்கம் அதைப் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியம், சிக்னல் அறுந்தால் ட்ரோன் என்ன செய்யும் என்பது. அமைப்புகளில் மூன்று தேர்வுகள் இருக்கும்: நிற்பது, இறங்குவது, திரும்புவது. இறங்குவது என்று இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நிற்பது என்று இருந்தாலும் பேட்டரி தீர்ந்ததும் முடிவு அதேதான். திரும்புவது என்று மாற்றுங்கள், திரும்பும் உயரத்தை 20, 30 மீட்டருக்குக் குறையுங்கள், திரும்பும் வழியில் மரமோ படகுக் கம்பமோ இல்லை என்று பார்த்துவிட்டு.

படகிலிருந்து கிளப்பினோம், திரும்பும்போது வேறெங்கோ போகிறது

அது சரியாகத்தான் போகிறது. கிளம்பிய இடத்துக்குப் போகிறது. படகுதான் அங்கே இல்லை. ஹோம் பாயின்ட்டை ரிமோட் இருக்கும் இடத்துக்கு மாற்றும் கட்டளை செயலியில் இருக்கும், பறக்கும்போதே சில நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள். இருந்தாலும் கடைசி 50 மீட்டரைக் கையால்தான் கொண்டுவர வேண்டும். ஆடும் தளத்தில் ட்ரோனை ஆன் செய்தால் சமநிலைச் சென்சார்கள் தயாராகாமல் முரண்டு பிடிக்கும், கரையிலேயே ஆன் செய்துகொண்டு ஏறுவதும் ஒரு வழி.

கையில் பிடிப்பது தனிக் கலை. படகின் எந்தப் பக்கம் காற்று வெளியேறுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து ட்ரோனை வரச் சொல்லுங்கள். திடீர் வீச்சு வந்தால் அது உங்கள் முகத்தை நோக்கி அல்ல, விலகிப் போக வேண்டும். கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். ஒருவர் ஓட்ட, ஒருவர் பிடிக்க. பிடிப்பவர் கையைத் தலைக்கு மேலே நீட்டி அசையாமல் நிற்பார், ட்ரோன்தான் கைக்கு வரும், கை அதைத் துரத்தக் கூடாது. வயிற்றைப் பிடித்ததும் ட்ரோன் ஒரு திமிறு திமிறும்: யாரோ தன்னைத் தள்ளுகிறார்கள், இடத்தைக் காக்க வேண்டும் என்று நினைத்து மோட்டார்களை முறுக்கும். அப்போது பயந்து கையைச் சாய்த்தால் இன்னும் முறுக்கும். மட்டமாக, உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஓட்டுபவர் உயர ஸ்டிக்கைக் கீழே இழுத்துப் பிடித்து மோட்டார் நிற்கும்வரை காத்திருங்கள். அருகில் வரும்போது தடைச் சென்சார் கையைப் பார்த்துப் பின்வாங்கும், முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

சின்னத் தொல்லைகள் சில

அடிவானம் சாய்ந்து தெரிகிறது, படம் நடுங்குகிறது, திரையின் மேல்மூலைகளில் ப்ரொப்பெல்லர் எட்டிப் பார்க்கிறது: எல்லாம் எதிர்க்காற்றில் ட்ரோன் அதிகம் சாய்வதால், கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் தன் எல்லையைத் தொடுவது. வேகத்தைக் குறைத்து, கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் போதும். லென்சில் மாட்டிய வடிகட்டி கனமானதாக இருந்தால் கழற்றிவிடுங்கள்.

முன்னே போகச் சொன்னால் நின்றுவிடுகிறது: தாழ்ந்த சூரியனும் தண்ணீரின் பளபளப்பும் முன்பக்கச் சென்சாருக்குச் சுவராகத் தெரிகின்றன. திசையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

பறவைகள் சூழ்ந்துகொண்டால் நேர் மேலே ஏறுங்கள். அவை மேலிருந்து பாய்ந்துதான் தாக்கும்.

விழுந்துவிட்டது

முதலில் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பதிவான இடம் அதில் இருக்கும், செயலியை மூடினால் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகும். பெரும்பாலான ட்ரோன்கள் மிதக்காது. ஆழம் குறைந்த இடமா, இழுத்துக்கொண்டு போகாத நீரோட்டமா என்று தெரியாமல் யாரும் நீந்திப் போக வேண்டாம்.

கைக்குக் கிடைத்தால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். உப்புநீர் என்றால் ட்ரோன் உடலை நல்ல தண்ணீரில் முக்கி அலசுங்கள். ஏற்கெனவே நனைந்ததுதான், உள்ளே உப்பு காய்ந்து படிவதுதான் மோட்டாரையும் மின்சுற்றுப் பலகையையும் தின்னும். பிறகு பல நாட்கள் உலர விடுங்கள், ஹேர் டிரையர் வேண்டாம். மெமரி கார்டு பெரும்பாலும் பிழைத்துவிடும்.

விழாமல் நல்லபடியாகத் திரும்பிய ட்ரோனிலும் உப்புச் சாரல் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், மோட்டாரை விரலால் சுற்றி நறநற என்று கேட்கிறதா என்று பாருங்கள்.

நனைந்த பேட்டரி மட்டும் வேறு கதை. அதைக் காயவைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். உள்ளே உப்பு பாலம் போட்டிருந்தால் மணிக்கணக்கு கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ எடுத்துச் செல்லாமல், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்தவெளியில் தள்ளி வையுங்கள். மறுநாள் பொத்தானை அழுத்தினால் நான்கு விளக்கும் எரியும். எரிந்தாலும் சார்ஜரில் போடாதீர்கள்.